கால் கியர்

சாவியை எடுத்துக் கொடுத்தது ஷெர்லின்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவளை யாரும் மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். பிற்பாடு அழுதாளே தவிர, நான் கொடுக்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சாவிக்குரிய வண்டி ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர். நம்ம ஊரில் செய்த லாம்பி இல்லை, இத்தாலியிலேயே செய்து கப்பலில் வந்து இறங்கினது. படப்பையில் ஒருத்தர் வீட்டுக் கொல்லையில் கோழிக் கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நின்றதை ஷெர்லினின் புருஷன் யாக்கோபு கல்யாணத்துக்கு முன்னால் கண்டுபிடித்து, சேரப்பணஞ்சேரிக்குக் கொண்டுவந்து உயிர் கொடுத்தான். பெண் பார்க்க அதில்தான் வருவேன் என்று அடம்பிடித்து, வழியில் அது நின்றுபோய், வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். இந்த மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று ஷெர்லினின் அம்மாவுக்கே குழப்பமாகிவிட்டது.

வேலை இருந்தது. வடக்குப்பட்டுப் பக்கம் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். ஷெர்லினும் பின்னால் ஒரகடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் சேர்ந்தாள். விடியுமுன் வேன் ஏறிப் போனால், தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, பரங்கிக்காயும் முள்ளங்கியும் மலைமலையாக நறுக்கித் தள்ள வேண்டும். ஒரு ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம், அத்தனை பெரிய சாம்பார் அண்டா. மகன் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். வீட்டில் புருஷன், பெண்சாதி, வண்டி என்று மூன்று பேர்.

மூன்று பேர் என்று சும்மா சொல்லவில்லை. ஷெர்லினுக்குப் புதுப் புடவை வந்ததோ இல்லையோ, வண்டிக்கு மாசாமாசம் ஏதாவது வரும். ஒரு போல்ட்டுக்காக யாக்கோபு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு புதுப்பேட்டை வரைக்கும் போவான். இத்தாலி போல்ட்டின் தலையில் இருக்கிற முத்திரை வேறு, அதற்குப் பதில் உள்ளூர் போல்ட்டை முறுக்கினால் பாவம் என்பான். எல்லாவற்றுக்கும் மேலே அந்த பெயின்ட். வெளுத்த பாசிப்பயறு நிறம். அங்கங்கே உரிந்து, கோழி எச்சம் பட்ட தழும்பெல்லாம் தெரியும். இன்னொருத்தனாக இருந்தால் முதல் வாரமே சுரண்டி எறிந்து பளபளவென்று அடித்திருப்பான். யாக்கோபு பிரஷ் படவிடவில்லை. பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, கைக்குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைப்பான். "இது அந்த ஊர்ல எவனோ ஒருத்தன் அட்ச்ச பெயின்ட்டு ஷெர்லி. பெயின்ட்டு ஒருதபாதான் ஒரிஜினலு. அப்பால அடிக்கறதெல்லாம் டூப்பு" என்பான். அவளுக்குப் புரியவும் இல்லை, புரிந்துகொள்ள நேரமும் இல்லை.

இப்படிப் பைத்தியம் அவன் ஒருத்தன்தானா என்றால், இல்லை. ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் கார் செய்கிறவன், காருக்குக் கண்ணாடி செய்கிறவன், அந்தக் கண்ணாடிக்கு ரப்பர் செய்கிறவன் என்று ஊர்ப்பட்ட ஜனம். அதில் ஒரு கூட்டம் லாம்ப்ரெட்டா சங்கம் வைத்திருந்தது. வாரமெல்லாம் புது வண்டி செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பார்கள். படப்பை ரோட்டில் ஒரு டீக்கடையை ஒட்டின காலி மனைதான் சங்கத்துக்கு ஆபீஸ்.

சங்கம் என்றால் கட்சி இல்லாமலா? இரண்டு கட்சி. ஒன்று ஒரிஜினல் கட்சி, அதாவது வண்டி எப்படி வந்ததோ அப்படியே வைத்திருக்க வேண்டும். அதற்குத் தலைவர் ஸௌந்தரராஜன். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், வீட்டில் அண்ணாக்கள் கோயில் கைங்கரியம், இவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். இன்னொன்று மாடிஃபை கட்சி. பெரிய சிலிண்டர் போடு, டிஸ்க் பிரேக் மாட்டு, வண்டி பறக்க வேண்டும். அதற்கு ஜனார்தன் தலைவன், கார் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர், வயசில் சின்னவன். எந்தக் கட்சியும் இல்லாதவன் இசக்கியப்பன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், டூல் ரூமில் வேலை, வடக்குப்பட்டில் சொந்தமாக ஒரு ஷெட். வெல்டிங் என்றால் இரண்டு கட்சியும் அவனிடம்தான். யாக்கோபு ஒரிஜினல் கட்சியில் தீவிரவாதி. ஸௌந்தரராஜனே கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இவன் கொடுக்க மாட்டான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் கை போனது.

சித்திரை மாசம், பகல் ஷிஃப்ட் முடிந்து ஓ.டி. பார்த்துக்கொண்டிருந்தான். பிரஸ்ஸில் கையை நீட்டினால் மிஷின் தானே நிற்க வேண்டும் என்று ஒரு சென்சார் இருக்கும். அது சும்மா சும்மா நிறுத்துகிறது, உற்பத்தி குறைகிறது என்று யாரோ அதைக் கழற்றி வைத்திருந்தார்கள். யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இடது கையில் நடு மூன்று விரலும் அடியோடு போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். கம்பெனியில் பெரிய மனசு பண்ணி, காயம் ஆறினதும் கேட்டில் செக்யூரிட்டியோடு உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை தருவதாகச் சொன்னார்கள்.

லாம்ப்ரெட்டாவுக்குக் கியர் இடது கையில். விரல் நாலையும் மடக்கி க்ளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியையே திருக வேண்டும். காயம் ஆறியது. யாக்கோபு எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தான். கேட் வேலைக்குப் போகவில்லை, சபைக்கு வரவில்லை, சங்கத்து ஆட்கள் வந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான். கருவாட்டுக் குழம்பு என்றால் உயிரை விடுகிறவன், வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. ஷெர்லின் ஊருக்கெல்லாம் சோறு ஆக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, காய்ந்துபோன சோற்றை அள்ளி நாய்க்குப் போட்டாள். அவள் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த மனுஷன் எழுந்து அந்த வண்டியில் ஒருதரம் ஏறி உட்கார வேண்டும். அவன் அதில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. பாவம், அது ஒன்றும் தப்பான நினைப்பு இல்லை.

ஆனி மாசத்தில் ஒருநாள் அவள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, மூன்று பேரும் கேன்டீன் கேட்டில் நின்றார்கள். ஜனார்தன், ஸௌந்தரராஜன், இசக்கியப்பன். எதிரே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கன்டெய்னர் லாரி போகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எப்படி இருக்கார்க்கா?" என்றான் ஜனார்தன்.

"இன்னா சொல்றது தம்பி. செவுத்தையே பாத்துகினு படுத்துகினு கீறாரு. நேத்து வெச்ச சோறு அப்டியே கீது."

"வண்டி?" என்றார் ஸௌந்தரராஜன்.

"தார்ப்பாய் போட்டது போட்டபடி கீது சார். அந்தாண்ட திரும்பறதே இல்ல. தெருவுல எவனாவது ஸ்கூட்டர் ஸ்டார்ட் பண்ணாக்கூட போர்வைய இஸ்துகினு மூஞ்ச மூடிக்கிறாரு."

ஜனார்தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், பொறுமையா கேளுங்க. அவருக்குப் போனது இடது கைதானே? காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? கியரைக் காலுக்குக் கொண்டுவந்துடலாம். மோட்டார் பைக்ல இருக்கற மாதிரி. க்ளட்ச்ச வலது கைக்கு மாத்திட்டு, முன் பிரேக்கைக் கால் பிரேக்கோட சேத்துடலாம். இடது கை சும்மா ஹேண்டில் மேல இருந்தா போதும். நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சே பாத்துட்டேன், கண்டிப்பா வேலை செய்யும்."

ஷெர்லின் ஸௌந்தரராஜனைப் பார்த்தாள். "சார், நீங்க ஒத்துகினீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உற்சவருக்கு தினம் ஒரு அலங்காரம் பண்ணலாம், திருமேனில உளி வைக்கப்படாதுன்னு இத்தனை வருஷமா இவா எல்லாரோடயும் சண்டை போட்டவன் நான். உனக்கே தெரியும். ஆனா மனுஷன் இப்படிப் படுத்துண்டுட்டானேம்மா. அவன் ஓட்டாத வண்டி ஒரிஜினலா இருந்து என்ன ஆகப்போறது? நானேதான் ஜனார்தன்கிட்ட சொன்னேன், பண்ணுடாப்பான்னு."

இசக்கியப்பன் மட்டும் கடைக்காரனின் பாய்லரையே பார்த்துக்கொண்டிருந்தான். "மதினி, அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட வேண்டாமா?"

"இன்னா கேக்கறது?"

"இல்ல, அவரு வண்டில நான் வெல்டிங் டார்ச்ச வைக்கப்போறேன்லா. அவரு வாயால சரின்னு ஒரு சொல்லு சொல்லிட்டாருன்னா எனக்குக் கை நடுங்காது."

"கேட்டா வாணாம்னுடுவாரு தம்பி. இப்ப எதக் கேட்டாலும் வாணாம்தான். டீ வோணுமான்னா வாணாம், பேன் போடட்டான்னா வாணாம், டாக்டராண்ட போலாமான்னா வாணாம். அவரு வாயில இருந்து சரின்னு ஒரு வார்த்த வந்து எம்மாம் நாளாச்சு தெரியுமா? நான் சொல்றேன், செய்ங்க."

"அது சரிதான்க்கா," என்றான் ஜனார்தன். "சர்ப்ரைஸா இருக்கட்டும். துணி எடுக்கறப்ப பாக்கட்டும்."

சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். வண்டி வேலை முடிந்தால் மேலே வெள்ளை வேட்டியைப் போர்த்திக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வண்டிக்காரன் தன் கையால் துணியை எடுக்க வேண்டும். எல்லோரும் கை தட்டுவார்கள், அப்புறம் பிரியாணி.

அன்றைக்குச் சாயங்காலமே ஷெர்லின் புருஷனிடம் போய் நின்றாள். "மாமா, வண்டி சும்மா நின்னுகினே கீதே, கார்பரேட்டர் அட்ச்சிக்குமாமே. சங்கத்துல எட்னு போய் சர்வீஸ் பண்ணித் தரேன்றாங்க."

சுவரிலிருந்து குரல் வந்தது. "யாரு கை வெக்கறது?"

"இசக்கி தம்பி."

"அவன்னா சரி. பெயின்ட்டு மேல பெட்ரோல் சிந்தாம பாத்துக்கச் சொல்லு."

மறுநாள் டாடா ஏஸ் வந்தது. அவள் சாவியைக் கொடுத்தாள். சொன்னேனே, ஜெபம் பண்ணித்தான் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து, புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வடக்குப்பட்டு ஷெட்டுக்குப் போனாள். வண்டி தோல் உரித்த ஆடுபோல ஸ்டாண்டில் கிடந்தது. ஹேண்டிலின் இடது பக்கத்தில் கியர் திருகுகிற பிடியை அறுத்துத் தள்ளியிருந்தார்கள். கால் வைக்கிற தகட்டில் பெரிய ஓட்டை. ஜனார்தன் தரையில் மல்லாந்து படுத்துப் பெடலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான். லீவு நாளில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, கிரீஸிலும் வேர்வையிலும் ஊறிக் கிடந்தான். ஸௌந்தரராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினார். அவர்களைத் திட்ட யாருக்கு மனசு வரும்?

இசக்கியப்பன் முகமூடியைத் தூக்கினான். "வாங்க மதினி."

பிரேமில் பெடலுக்கான தகட்டைப் பற்றவைத்திருந்தான். பற்றவைத்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை பெயின்ட் கருகிக் கொப்புளித்திருந்தது.

"பெயின்ட்டு கருகிட்டு மதினி," என்றான் மெதுவாக. "ஈரச் சாக்கப் போட்டுத்தான் வச்சேன். நிக்கல."

ஜனார்தன் கீழேயிருந்தே சிரித்தான். "விடுங்கண்ணே, அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க. முழுசா அடிச்சுடலாம். எங்க பெயின்ட் ஷாப்ல ஃப்ரெண்ட் இருக்கான். அதே கலர், கம்ப்யூட்டர்ல மேட்ச் பண்ணித் தருவான். இனி ஒரு கீறல் இருக்காது பாருங்கக்கா, புது வண்டி தோத்துடும்."

ஷெர்லினுக்கு வாய்வரைக்கும் ஏதோ வந்தது. என்ன என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஏற்கெனவே ஓட்டை போட்டாயிற்று, அறுத்தாயிற்று, கருகியாயிற்று. இனிமேல் வேண்டாம் என்றால் மட்டும் என்ன மிஞ்சும்? பேசாமல் இலையைப் போட்டுப் புளிசாதத்தை வைத்தாள். மூன்று பேரும் கையைக் கழுவிவிட்டு ருசித்துச் சாப்பிட்டார்கள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அதே நாட்களில் யாக்கோபு எழுந்துவிட்டான்.

ஒருநாள் அவள் வரும்போது சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொருநாள் தானே டீ போட்டு வைத்திருந்தான். கருவாட்டுக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் வேலைக்குப் போனபிறகு வீட்டில் என்னவோ செய்தான், வந்தால் தரை பெருக்கியிருக்கும். நாள் தவறாமல் கேட்டான்.

"வண்டி எப்ப வருது?"

"வரும் மாமா. ஏதோ பார்ட்டு வரணுமாம்."

"சர்வீஸ் பண்றதுக்கு இன்னா இவ்ளோ நாளு? சரி, வரட்டும். வந்தா ஒனக்கு ஒண்ணு காட்றேன்."

"இன்னாது?"

"வரட்டும், சொல்றேன். நீ மட்டும் இல்ல, எல்லாரும் பாக்கணும்."

அவனுக்கு முகத்தில் சிரிப்பே வந்தது. ஷெர்லின் சமையலறைக்குள் போய் முழங்கால் போட்டாள். ஜெபத்துக்குப் பலன் கிடைக்கிறது என்று நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? அவனிடம் இப்போதே சொல்லிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. வேண்டாம், துணி எடுக்கும்போது பார்க்கட்டும், சந்தோஷம் இரண்டு மடங்காகும் என்று அடக்கிக்கொண்டாள்.

ஆவணி கடைசி ஞாயிறு. டீக்கடை மனையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. யாக்கோபு முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் போட்டு, இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினான். எல்லோரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். நடுவில் வெள்ளை வேட்டி போர்த்தின வண்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, சர்வீஸுக்கெல்லாம் துணி எடுக்கறீங்க?" என்று கேலி செய்தான்.

"எடும் ஓய்," என்றார் ஸௌந்தரராஜன்.

வலது கையால் எடுத்தான்.

கை தட்டினார்கள். வெயிலில் வண்டி கண்ணைப் பறித்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, முகம் பார்த்துத் தலை வாரலாம். தழும்பு, உரிசல், கோழி எச்சம் ஒன்றும் இல்லை. ஜனார்தன் மூச்சுவிடாமல் விளக்கினான். கியர் இங்கே, குதிகாலால் அமுக்கினால் மேலே, முன்பாதத்தால் அமுக்கினால் கீழே, க்ளட்ச் வலது கையில். யாக்கோபு தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை ஒருதரம் சுற்றி வந்தான். அறுத்த இடத்தைத் தடவினான். குனிந்து ஓட்டையைப் பார்த்தான். அவன் இடது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வரவே இல்லை.

"பெயின்ட்டு யாரு அட்ச்சது?" என்று கேட்டான்.

"நம்ம ஃப்ரெண்டுதாண்ணே. மூணு கோட்டு. எப்படி?"

"நல்லா கீது," என்றான் யாக்கோபு. "ரொம்ப நல்லா கீதுப்பா."

ஏறி உட்கார்ந்தான். உதைத்தான். முதல் உதையிலேயே கிளம்பியது. காலால் கியர் போட்டு, ரோட்டோரமாகப் படப்பைப் பக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மனையே அதிர்ந்தது. ஸௌந்தரராஜன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரிஜினல் கட்சியும் மாடிஃபை கட்சியும் ஒன்றாகக் கட்டிப்பிடித்து நின்றதை அந்தச் சங்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். இசக்கியப்பன் மட்டும் பிரியாணி அண்டா பக்கம் போய் நின்றுகொண்டான். ஷெர்லின் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அது கம்பெனி மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் கொண்டுவந்தபோது அவன் சிரித்த சிரிப்பு.

வண்டியிலேயே அவளை உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தான். வீட்டுக்குள் வந்து அவன் தண்ணீர் குடிக்கிறவரை பொறுத்திருந்தாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு காட்றேன்னியே மாமா. இன்னா அது?"

"ஒண்ணுமில்ல, வுடு."

"இல்ல, சொல்லு."

பாக்கெட்டிலிருந்து எடுத்தான். கேன்டீனில் காம்பு ஒடிந்த கரண்டி ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அந்த அலுமினியக் காம்பை வளைத்து, ராவி, வழவழப்பாக்கி, சைக்கிள் டியூப் வார் இரண்டு வைத்திருந்தான். பல்லால் கடித்து இழுத்து அதை இடது கையில் மாட்டிக்கொண்டான். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே, இல்லாத மூன்று விரலுக்குப் பதிலாக, அந்தக் காம்பு கொக்கிபோல வளைந்து நின்றது.

"ஒன் கைய நீட்டு," என்றான்.

நீட்டினாள். அவள் முன்கையைக் கைப்பிடிபோலப் பிடித்தான். கொக்கியால் ஒரு இழுப்பு, அது க்ளட்ச். பிறகு மணிக்கட்டோடு திருகினான்.

"இது ஒண்ணு. இது நியூட்ரலு. இது ரெண்டு." விட்டுப் பிடித்தான். "மூணு. நாலு."

பிடி உறுதியாக இருந்தது. வலிக்கக்கூட இல்லை. இறக்கிக் காட்டினான், மறுபடி ஏற்றிக் காட்டினான். ஷெர்லின் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெனிக்கும் கட்டில் காலுல பழகினேன்," என்றான். "மொதல்ல வழுக்கிச்சு. அப்பால டியூப்ப ரெண்டு சுத்து சுத்தினேன், நின்னுச்சு. வண்டில ஒண்ணும் கொறையில்ல ஷெர்லி. நாந்தான மாறிட்டேன், நாந்தான சரி பண்ணிக்கணும்னு தோணிச்சு. அப்டி தோணினப்பறம்தான் எழுந்தே ஒக்காந்தேன்."

"ஏன் மாமா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நீ கூடத்தான் சொல்லல."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இப்பவே போன் போட்றேன். எல்லாத்தையும் கழட்டச் சொல்றேன். இசக்கி தம்பி செய்யும். பழையபடி வெக்கச் சொல்றேன்."

"எதக் கழட்டுவ? பெடலக் கழட்டலாம். ஓட்டைய? அறுத்தத ஒட்டலாம். பெயின்ட்ட?"

"திட்டு மாமா. நாந்தான் சாவி குட்த்தேன். இசக்கி தம்பி கேக்கலாம்னு சொல்லிச்சு, நாந்தான் வாணாம்னேன். என்ன நாலு அடி அட்ச்சாக்கூட பரவால்ல."

"ஒன்ன எதுக்குத் திட்றது? அவனுங்கள எதுக்குத் திட்றது? லீவு நாளெல்லாம் வுட்டு ஒயச்சிகீறானுங்க. ஐயிரு நட்டு கழுவினாராமே. கூடப் பொறந்தவன் செய்வானா இப்டி?" வாரைப் பல்லால் இழுத்து அவிழ்த்தான். "எல்லாரும் நல்லதுதான் செஞ்சீங்க ஷெர்லி."

அந்தக் கொக்கியை என்ன செய்தான் என்று அவள் கேட்கவில்லை. பிறகு அதை அவள் பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை கேட் வேலைக்குப் போனான். வண்டியில்தான் போனான். அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. மார்க்கெட்டுக்குப் போனான், ரேஷன் அரிசி மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வந்தான், பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் சாவியைத் தூக்கிப் போட்டான். நன்றாகச் சாப்பிட்டான். படுத்தால் தூங்கினான். கை போவதற்கு முன்னால் இருந்ததைவிட நல்ல புருஷனாக இருந்தான் என்றுகூடச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தான். சங்கத்துக்குக் கூப்பிட்டால் "கால் வலிக்குதுப்பா" என்றான். ஜனார்தன் அந்தக் கால் கியரைப் படம் எடுத்துப் போட்டு, எங்கெங்கோ இருந்தெல்லாம் பாராட்டு வந்தது. அதையும் ஷெர்லினின் போனுக்கு அனுப்பிவைத்தான். யாக்கோபு பார்த்துவிட்டு "சூப்பர்" என்றான். ஒரு பனியன் துணியை எடுத்து அவன் வண்டியைத் துடைத்து அவள் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, சபையில் பாஸ்டர் மைக்கில் சொன்னார். "நம்ம யாக்கோபு பிரதருக்காக நாம எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபிச்சோம். இன்னிக்கு அவர் தானே வண்டி ஓட்டிட்டு வந்து நம்ம நடுவுல உக்காந்திருக்கார். சிஸ்டர் ஷெர்லின் வந்து சாட்சி சொல்வாங்க."

அவள் எதிர்பார்க்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தள்ளி எழுப்பினார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் மைக்கைப் பிடித்தாள். ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் யாக்கோபு, நல்ல பிள்ளையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றாள். "எம் புருசன் படுத்த படுக்கையா கெடந்தாரு. அந்த வண்டில அவரு ஏறணும்னு நான் கேட்டேன். அதத்தான் கேட்டேன். கேட்டத ஆண்டவர் குட்த்துட்டாரு."

அதற்குமேல் வரவில்லை. ஆண்டவர் கொடுத்துவிட்டார், நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? மைக்கைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதாள். சபை முழுக்கக் கையை உயர்த்தி அல்லேலூயா சொன்னது. டிரம் அடிக்கிறவன் அடிக்க ஆரம்பித்தான், பாட்டு எடுத்தார்கள். முன்வரிசைப் பெண்கள் சிலரும் சேர்ந்து அழுதார்கள், ஆனந்தக் கண்ணீர். யாக்கோபும் எல்லோரோடும் எழுந்து நின்று, இரண்டு விரல் மிச்சமிருந்த கையை மற்ற கையில் தட்டினான்.

வெளியே வந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. மற்றவர்கள் தங்கள் பைக்குகளைத் தாழ்வாரத்தில் ஏற்றியிருந்தார்கள். லாம்ப்ரெட்டா நட்டநடு வெட்டவெளியில், சக்கரம் பாதி சேற்றில் புதைய நின்றது.

"நனைஞ்சிடுச்சே மாமா," என்றாள்.

"வண்டிதான, காஞ்சிடும்." அவன் உள்ளங்கையால் பின் சீட்டின் தண்ணீரை வழித்துவிட்டான். "ஏறு. மறுபடி தூறப் போவுது."

ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கால் லேசாக அசைந்தது, கியர் விழுந்தது, வண்டி சேற்றிலிருந்து அலுங்காமல் கிளம்பியது. வாசலில் நின்ற பாஸ்டரம்மா முகமெல்லாம் பூரித்துக் கையை ஆட்டினாள். ஷெர்லினும் சிரித்துக் கையை ஆட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்?